ராமானுஜன் போட்ட தபால்



முதல்ல ஒரு கேள்வி. நீங்க கையால ஒரு கடிதம் எழுதி, மடிச்சு, கவர்ல போட்டு, ஸ்டாம்ப் ஒட்டி, தபால் பெட்டியில போட்டது கடைசியா எப்போ? ஓ.டி. லெட்டர், லீவ் லெட்டர், லேட்டா வந்ததுக்கு எழுதின அபாலஜி லெட்டர் எல்லாம் கணக்குல வராது. அதெல்லாம் எச்.ஓ.டி. ரூம் வரைக்கும்தான் போகும்.

யோசிச்சுப் பார்த்தா நம்மில் பல பேருக்கு "எழுதினதே இல்லை"ன்னுதான் பதில் வரும். கையெழுத்துன்னாலே நமக்கு ரெக்கார்டு நோட்டுதான் ஞாபகம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, நண்பனோட நோட்டைப் பார்த்து, என்ன எழுதறோம்னே தெரியாம எழுதறது. அதனால கையெழுத்து, கடிதம், தபால் மூணும் பழைய காலத்து விஷயம்னு ஒரு எண்ணம் நமக்கு இருக்கு.

அந்த எண்ணத்தோடயே ஒருத்தர் வாழ்க்கையைப் படிங்க. அவர் பெயர் உங்களுக்குத் தெரியும். 1729 கதையும் தெரியும். அந்தக் கதையை இன்னைக்கு விட்டுடுவோம். சீனிவாச ராமானுஜனோட கணக்கு நம்ம கைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்கிற கதையைப் பார்ப்போம். ஏன்னா, அது வராமலே போயிருக்கக் கூடிய வாய்ப்புகள் நிறைய இருந்தன.

சிலேட்டும் முழங்கையும்

ராமானுஜன் பிறந்தது 1887 டிசம்பர் 22, ஈரோட்டில், அம்மாவைப் பெற்ற பாட்டி வீட்டில். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னதித் தெருவில். அப்பா குப்புசாமி சீனிவாச ஐயங்கார் துணிக்கடையில் கணக்கு எழுதும் குமாஸ்தா. அம்மா கோமளத்தம்மாள். வீட்டில் வறுமை இருந்தது, ஆனால் பையன் படிப்பில் கெட்டி. டவுன் ஹைஸ்கூலில் பரிசுகள் வாங்கினார்.

பள்ளியில் படிக்கும்போதே ஒரு புத்தகம் கைக்குக் கிடைத்தது. கார் என்கிற ஆங்கிலேயர் தொகுத்தது. சுமார் ஐயாயிரம் தேற்றங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய புத்தகம். நம்ம பாஷையில் சொன்னால் பரீட்சைக்கு முந்தின நாள் புரட்டுற ஃபார்முலா கைடு மாதிரி. நிரூபணம் பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் ஓரிரு வரிதான். நாமாக இருந்தால் மனப்பாடம் பண்ணியிருப்போம். ராமானுஜன் ஒவ்வொன்றையும் தானே போட்டுப் பார்த்தார். போட்டுக்கொண்டே போனதில் புத்தகத்தில் இல்லாதவையும் வர ஆரம்பித்தன.

அதற்குப் பிறகு நடந்தது நம்மில் சில பேருக்கு ரொம்ப நெருக்கமான கதை. அரியர். 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணக்கைத் தவிர வேறு எதையும் படிக்காமல் உதவித்தொகையை இழந்தார். மனம் உடைந்து வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் வரை ஓடிப்போனார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கேயும் எஃப்.ஏ. பரீட்சையில் தோல்வி. மறுபடி எழுதினார், மறுபடி தோல்வி. டிகிரி இல்லை, வேலை இல்லை. 1909-இல் ஜானகியோடு கல்யாணமும் ஆகிவிட்டது.

அந்த வருஷங்களில் அவர் கணக்குப் போட்டது சிலேட்டில். காகிதம் விலை அதிகம். மடியில் சிலேட்டை வைத்து எழுதுவார். துணி எடுத்து அழிக்கக்கூட நேரமில்லாமல் முழங்கையாலேயே அழிப்பார். விடை வந்ததும் அந்த விடையை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பார். வழிமுறை முழுக்க முழங்கையோடு போயிற்று.

இதை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. கணித உலகம் நூறு வருஷமா மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்கிற பல தேற்றங்களுக்கு அவர் எப்படி வந்தார் என்கிற பாதை, ஒரு காலத்தில் கும்பகோணத்திலும் சென்னையிலும் ஒரு சிலேட்டு மேல சாக்பீஸ் எழுத்தா இருந்திருக்கு. அழிஞ்சது அழிஞ்சதுதான். காகிதத்தில் ஏறினது மட்டும் தப்பிச்சது.

அந்த முதல் நோட்டு பச்சை மையில் எழுதப்பட்டது. நமக்குப் பச்சை மைன்னா அட்டெஸ்டேஷன் வாங்கப் போற கெஸட்டட் ஆபீசர் ஞாபகம்தான் வரும். இங்கே எந்த அதிகாரியும் சான்று கொடுக்காத ஒரு இளைஞர், தனக்குத் தானே பச்சை மையில் எழுதிக்கொண்டிருந்தார். உருண்டையான, பெரிய, தெளிவான எழுத்து. இது முக்கியம். அந்த எழுத்து நம்ம ரெக்கார்டு நோட்டு மாதிரி இருந்திருந்தா, அடுத்து நடந்தது எதுவும் நடந்திருக்காது.

கைமாறிப் போன கடிதங்கள்

1910 வாக்கில் ராமானுஜன் அந்த நோட்டுகளைக் கையில் தூக்கிக்கொண்டு ஆள் தேடிக் கிளம்பினார். திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயரைப் பார்த்தார். இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவியவர் இவர். அந்தச் சங்கமே 1906 கடைசியில் இவர் நண்பர்களுக்கு எழுதின ஒரு கடிதத்திலிருந்துதான் தொடங்கியது. ராமானுஜன் கேட்டது தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிப் பார்த்த ஐயர் அந்த வேலையைத் தரவில்லை. இந்தத் திறமையைத் தாலுகா ஆபீசில் புதைக்க அவருக்கு மனம் வரவில்லை. அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்துச் சென்னையில் உள்ள நண்பர்களிடம் அனுப்பி வைத்தார்.

அங்கிருந்து ஒருவர் இன்னொருவருக்கு எழுத, அவர் மற்றொருவருக்கு எழுத, ஒரு சங்கிலி உருவானது. நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ் கொஞ்ச காலம் மாதம் 25 ரூபாய் கொடுத்துப் பார்த்துக்கொண்டார். 1911-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் ராமானுஜனின் முதல் கட்டுரை வெளியானது. 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்துக்குத் தன் கையால் ஒரு வேலை விண்ணப்பம் எழுதினார். மார்ச் 1-ஆம் தேதி கணக்குப் பிரிவில் குமாஸ்தா ஆனார்.

இங்கே பொறியியல் மாணவர்களான நாம காலரைத் தூக்கி விட்டுக்கலாம். துறைமுகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு எஞ்சினியர். சென்னைப் பொறியியல் கல்லூரியில், அதாவது இன்றைய கிண்டிக் கல்லூரியில், சிவில் பேராசிரியராக இருந்தவர் கிரிஃபித். ராமானுஜன் மேல் அக்கறைப்பட்ட கிரிஃபித், லண்டனில் தனக்குப் பாடம் சொன்ன கணிதப் பேராசிரியர் ஹில்லுக்கு 1912 நவம்பரில் கடிதம் எழுதினார். அடுத்த மாதமே ஹில் பதில் எழுதினார். திறமை இருக்கிறது, ஆனால் முடிவிலித் தொடர்களில் வழுக்கி விழுந்திருக்கிறார், இந்தப் புத்தகத்தைப் படிக்கச் சொல்லுங்கள் என்பது அதன் சாரம். கதவு பாதிதான் திறந்தது. ஆனால் கணக்கில் ஒரு மார்க்கும் எடுக்கிற அவசியமில்லாத ஒரு சிவில் பேராசிரியர், டிகிரி இல்லாத ஒரு குமாஸ்தாவுக்காக உட்கார்ந்து கடிதம் எழுதியிருக்கிறார். அதை நாம ஞாபகம் வெச்சுக்கணும்.

துணை நின்றவர்களில் இன்னொருவர் எஸ். நாராயண ஐயர். துறைமுகத்தின் தலைமைக் கணக்கர். அவரும் கணிதக்காரர். ராமானுஜனுடைய மேலதிகாரி, அதே சமயம் கூட உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போடும் தோழர். இவர்கள் எல்லாரும் தூண்டியதில் ராமானுஜன் கேம்பிரிட்ஜில் உள்ள பெரிய கணித அறிஞர்களுக்கு நேரடியாகவே எழுதத் தொடங்கினார். இரண்டு பேரிடமிருந்து பலன் இல்லை. மூன்றாவதாக எழுதினது ஜி. எச். ஹார்டிக்கு.

1913 ஜனவரி 16

கடிதத்தின் தேதி அது. தன்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் குமாஸ்தா என்று அறிமுகம் செய்துகொண்டார். அன்றைய மதிப்பில் ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய் என்றால், மாதம் 25 ரூபாய். வயது சுமார் 23 என்று எழுதினார். உண்மையில் 25 முடிந்திருந்தது. பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதை மறைக்கவில்லை. தான் கண்டதில் மதிப்பு ஏதும் இருந்தால் வெளியிட உதவுங்கள், நான் ஏழை என்று கேட்டார். பின்னாலேயே பக்கம் பக்கமாகத் தேற்றங்கள், சுமார் 120. நிரூபணம் இல்லை.

இப்போ அந்தக் கவர் போன வழியைப் பாருங்க. சென்னையிலிருந்து ரயிலில் பம்பாய். பம்பாயிலிருந்து நீராவிக் கப்பல். அரபிக்கடல், செங்கடல், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஐரோப்பா, இங்கிலாந்து. எத்தனை தபால்காரர்கள், எத்தனை பேர் கடிதம் பிரித்தவர்கள், எத்தனை முத்திரை! இவ்வளவு தூரத்துக்கும் கட்டணம் குறைவு. 1898 கடைசியிலிருந்தே இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கு அரை அவுன்ஸ் கடிதம் அனுப்ப ஒரு அணாதான். அனுப்புறவர் கலெக்டரா குமாஸ்தாவா என்று தபால் பெட்டி கேட்பதில்லை. கேம்பிரிட்ஜ் போக ராமானுஜனுக்குக் கப்பல் டிக்கெட் கிடைக்காது, டிகிரி இல்லாததால் உள்ளே விடவும் மாட்டார்கள். ஆனால் அவர் கையெழுத்து மட்டும் ஹார்டியின் மேஜை வரைக்கும் போய்விட்டது.

ஜனவரி முடியும் சமயத்தில் ஹார்டி கவரைப் பிரித்தார். முதலில் யாரோ ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகம். சில தேற்றங்கள் ஏற்கெனவே தெரிந்தவை, சில கஷ்டப்பட்டு நிரூபிக்கக் கூடியவை, சில அவர் பார்த்ததே இல்லாதவை. அன்று இரவு சக கணித அறிஞர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து ஆராய்ந்தார். எழுதியவர் ஒரு மேதை என்று முடிவுக்கு வந்தார். இவ்வளவு விசித்திரமான சூத்திரங்களைப் பொய்யாகக் கற்பனை செய்ய யாராலும் முடியாது என்பது ஹார்டியின் தர்க்கம்.

பிப்ரவரி 8 தேதியிட்டு ஹார்டி பதில் எழுதினார். நிரூபணம் அனுப்புங்கள் என்று கேட்டார். அது சென்னை வந்து சேர்ந்து, ராமானுஜன் படித்து, மறு கடிதம் எழுதிய தேதி பிப்ரவரி 27. பத்தொன்பதே நாள். அந்த இரண்டாவது கடிதம் மனசைத் தொடும். பசித்த வயிறோடு இருப்பதாகவும், மூளையைக் காப்பாற்றச் சாப்பாடு வேண்டும் என்றும், உங்களிடமிருந்து ஆதரவாக ஒரு கடிதம் வந்தால் இங்கே உதவித்தொகை கிடைக்கும் என்றும் வெளிப்படையாக எழுதினார். அதே கடிதத்தில்தான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லா எண்களையும் முடிவில்லாமல் கூட்டினால் மைனஸ் பன்னிரண்டில் ஒன்று என்கிற, இன்றைக்கும் நெட்டில் சண்டை நடக்கிற விஷயமும் வருகிறது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் என்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வழி காட்டியிருப்பீர்கள் என்று நகைச்சுவையாகவும் எழுதினார்.

ஹார்டியின் கடிதம் சென்னையில் வேலை செய்தது. வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கரும் ராமானுஜனுக்காகப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். எல் நினோ பற்றிப் படிக்கும்போது வரும் வாக்கர் சுழற்சி இவர் பெயரில்தான். சென்னைப் பல்கலைக்கழகம் 1913 மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. அதற்காக மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை கொடுக்க வேண்டும். ராமானுஜன் மூன்று அறிக்கைகள் கொடுத்தார். அவர் கைப்பட எழுதிய அந்த மூல அறிக்கைகள் பிறகு தொலைந்து போயின. 1925-இல் ஒருவர் உட்கார்ந்து கையால் எடுத்த பிரதி இருந்ததால் மட்டுமே அவற்றில் இருந்தது இன்று நமக்குத் தெரியும். ஜெராக்ஸ் கடை இல்லாத காலத்தில் அந்தப் பிரதி எடுத்தவருக்கு நாம ஒரு சலாம் போடணும்.

சேராத கடிதங்கள்

1914 மார்ச் 17 அன்று ராமானுஜன் நெவாசா என்கிற கப்பலில் சென்னையிலிருந்து கிளம்பினார். கேம்பிரிட்ஜில் ஹார்டியோடு வேலை. 1916-இல் ஆராய்ச்சிக்காக பி.ஏ. பட்டம். 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ. ரெண்டு தடவை எஃப்.ஏ. ஃபெயில் ஆனவர்!

ஆனால் அவர் போன சில மாதத்திலேயே முதல் உலகப்போர் தொடங்கியது. அம்மா பயப்படக் கூடாதென்று 1914 செப்டம்பரில் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சண்டை இந்த நாட்டில் இல்லை, பக்கத்து நாட்டில்தான், ரங்கூன் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் என்று கும்பகோணத்துக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். ஹாஸ்டல்ல காய்ச்சலில் படுத்துக்கிட்டே, நல்லா இருக்கேம்மா, சாப்பிட்டேம்மான்னு போன்ல சொல்ற நமக்கு அந்தக் கடிதம் நல்லாவே புரியும்.

போகப் போக வீட்டுக்கு எழுதுவது குறைந்தது. ஒரு காரணம் போர், கடலில் தபால் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. இன்னொரு காரணம் 1917 முதல் அவரை வாட்டிய நோய். மூன்றாவது காரணம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. கணவர் தனக்கு எழுதிய கடிதங்களும், தான் கணவருக்கு எழுதியவையும் மாமியார் கையில் நின்றுவிட்டன என்று ஜானகி அம்மாள் பிற்காலத்தில் சொன்னார். ஊரிலிருந்து போகும் பார்சலுக்குள் ஒளித்து வைத்த கடிதம்கூட எடுக்கப்பட்டது. அங்கே அவர், மனைவி எழுதவில்லை என்று நினைத்தார். இங்கே இவர், கணவர் மறந்துவிட்டார் என்று நினைத்தார்.

கேம்பிரிட்ஜுக்குப் போன ஒரு கடிதம் ஒரு மனிதரை உலகத்துக்குக் கொடுத்தது. சில அடி தூரத்தில் நின்றுபோன கடிதங்கள் அதே மனிதரை நோயும் குளிருமான இடத்தில் தனியாக விட்டன. கோமளத்தம்மாளை இன்றைக்கு உட்கார்ந்து திட்டுவது சுலபம். அந்தப் பையனை உருவாக்கியதும் அவர்தான். ஆனால் இதைப் படிக்கும்போது தபால் என்றால் வெறும் காகிதம் இல்லை என்பது புரிகிறது. அனுப்பியவருக்கும் பெறுபவருக்கும் நடுவில் யாரும் கை வைக்கக் கூடாது என்கிற நம்பிக்கைதான் தபால். சூயஸ் கால்வாய் தாண்டி அந்நியர்கள் காப்பாற்றிய அந்த நம்பிக்கை, ஒரு வீட்டின் திண்ணையில் தவறிவிட்டது.

கடைசித் தபால்

1919 மார்ச் மாதம் உடல் நலிந்து ராமானுஜன் இந்தியா திரும்பினார். கடைசி ஓராண்டு ஜானகி அம்மாள் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார். படுக்கையிலும் கணக்கு நிற்கவில்லை. கேட்கும்போதெல்லாம் காகிதம் எடுத்துக் கொடுத்தது அவர்தான். இப்போது சிலேட்டு இல்லை, காகிதம். அந்த வித்தியாசத்தைக் கவனிச்சுக்குங்க, கொஞ்ச நேரத்துல அது தேவைப்படும்.

1920 ஜனவரி 12 அன்று ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, சமீபத்தில் புதிதாக ஒருவகைச் சார்புகளைக் கண்டுபிடித்திருக்கிறேன் என்று சொல்லி எடுத்துக்காட்டுகளை இணைத்தார். போலி தீட்டா சார்புகள் என்று அவற்றுக்கு அவரே பெயர் வைத்தார். அதுவே ஹார்டிக்கு அவர் எழுதிய கடைசிக் கடிதம். ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

கதை அங்கே முடியவில்லை. கடைசி ஆண்டில் அவர் எழுதிய தாள்களை ஜானகி அம்மாள் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார். 1923-இல் பல்கலைக்கழகம் அவற்றை ஹார்டிக்கு அனுப்பியது. மறுபடியும் தபால், மறுபடியும் கடல். ஹார்டியிடமிருந்து அவை வாட்சன் என்ற கணித அறிஞரிடம் போயின. அவருடைய படிப்பறை தரை முழுக்கக் காகிதக் குவியல். 1965-இல் வாட்சன் இறந்த பிறகு, அந்தக் குவியல் சில நாளில் எரிக்கப்பட இருந்தது. அதற்குள் இன்னொரு கணித அறிஞர் விட்டேக்கர் வீட்டுக்குப் போனார். குவியலைக் கிளறினார். ராமானுஜன் கையெழுத்து இருந்த தாள்கள் அகப்பட்டன. 1968 கடைசியில் அவை டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே ஒரு பெட்டியில் கிடந்தன.

1976-இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் வேறு வேலையாக அந்தப் பெட்டியைத் திறந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள், அறுநூறுக்கும் மேற்பட்ட சூத்திரங்கள். போலி தீட்டா சார்புகளைப் பார்த்ததுமே அவை எந்தக் காலத்தைச் சேர்ந்தவை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எப்படி? 1920 ஜனவரி 12 தேதியிட்ட அந்தக் கடைசிக் கடிதத்தில் இருந்த விஷயம் இது. கடிதம் ஒன்று பத்திரமாக இருந்ததால்தான், பெயரும் தேதியும் இல்லாத தாள்கள் என்ன என்று புரிந்தது. இன்று அதைத் தொலைந்த நோட்டுப் புத்தகம் என்கிறார்கள்.

அந்தச் சார்புகள் உண்மையில் என்ன என்பதற்குச் சரியான விளக்கம் 2002-இல்தான் வந்தது, ஸ்வேகர்ஸ் என்ற டச்சு மாணவரின் முனைவர் பட்ட ஆய்வில். இன்று கருந்துளைகளைப் பற்றிய இயற்பியலில் அவை பயன்படுகின்றன. சேத்துப்பட்டில் படுக்கையில் இருந்த ஒருவருக்கு மனைவி எடுத்துக் கொடுத்த காகிதம் எங்கே போய் நிற்குது பாருங்க. அன்னைக்கும் சிலேட்டாவே இருந்திருந்தா?

நமக்கு என்ன?

நாட்டின் பாரம்பரியம்னா கோயில், கோட்டை, சிற்பம்னு நினைக்கிறோம். தப்பில்லை. ஆனால் ராமானுஜன் விஷயத்தில் பாரம்பரியம் என்பது சில நோட்டுகளும் சில கடிதங்களும்தான். மூன்று நோட்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. 1957-இல் டாட்டா ஆராய்ச்சி நிறுவனம் அவற்றை அச்செழுத்தாக மாற்றாமல், அவர் கையெழுத்திலேயே படம் பிடித்து இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. அடித்தது, திருத்தியது, ஓரத்தில் கிறுக்கியது எல்லாமே தடயம். டைப் செய்தால் அது போய்விடும்.

1962-இல், அவருடைய 75-ஆவது பிறந்த நாளுக்கு, இந்திய அஞ்சல் துறை 15 பைசா தபால்தலை வெளியிட்டது. தபாலால் உலகுக்குத் தெரிந்தவரின் முகம் தபாலிலேயே ஏறியது. 2011-லும் 2012-லும் மறுபடி அவர் தபால்தலைகள் வந்தன. டிசம்பர் 22 தேசியக் கணித நாள். நம்ம கல்லூரியிலும் க்விஸ் வைத்து, சர்டிஃபிகேட் கொடுத்து முடித்துவிடுவோம்.

என்னைக் கேட்டால், ஒருத்தர் எழுதினது பாரம்பரியமா மாற மூணு கை வேணும். எழுதுற கை, கொண்டு சேர்க்கிற கை, தூக்கிப் போடாம வைக்கிற கை. ராமானுஜன் கதையில் இந்த மூணில் ஒண்ணு தவறிய இடத்தில் எல்லாம் ஏதோ ஒண்ணு நிரந்தரமா போயிருக்கு. சிலேட்டில் போனது, திண்ணையில் நின்னது, மூல அறிக்கை தொலைஞ்சது. மூணும் சேர்ந்த இடத்தில் மட்டும்தான் நமக்கு ராமானுஜன் கிடைச்சிருக்கார்.

நம்ம நிலைமை என்ன? நம்ம வாட்ஸாப்ல டிஸப்பியரிங் மெசேஜ் ஆன்ல இருக்கு. போன் மாத்தினா பேக்கப் எடுக்க மறந்துடறோம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் கோடு பழைய லேப்டாப்போட போயிடுது. வேகமா எழுதறோம், அதைவிட வேகமா அழிக்கிறோம். வசதி அதிகமாகி, நாமளே மறுபடி சிலேட்டுக்குப் போயிட்டோம். முழங்கைக்குப் பதிலா டெலீட் பட்டன்.

போனைத் தூக்கிப் போடுங்கன்னு நான் சொல்லல. இந்தக் கட்டுரையே போன்லதான் படிக்கிறீங்க. சின்னதா மூணு விஷயம் மட்டும் செஞ்சு பாருங்க.

ஒண்ணு, அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது வீட்டுப் பரணைப் பாருங்க. தாத்தா பாட்டி காலத்து இன்லேண்ட் லெட்டர், கம்பியில் குத்தி வெச்ச போஸ்ட் கார்டு, மணியார்டர் ரசீது ஏதாவது இருக்கும். போகிக்கு எரிச்சுடாதீங்க. வாட்சன் வீட்டுக் குவியலை நினைச்சுக்குங்க. படம் எடுத்து வைங்க, மூலத்தையும் வைங்க. யார் எழுதினது, யாருக்குன்னு பாட்டிகிட்ட இப்பவே கேட்டு ஒரு தாளில் குறிச்சு வைங்க.

ரெண்டு, ஒரு நோட்டு வைங்க. மார்க்குக்கு இல்லாத நோட்டு. உங்களுக்குத் தோணுற ஐடியா, புரியாத கேள்வி, பாதியில் நின்ன சர்க்யூட், எதுவேணா இருக்கட்டும். தேதி போட்டு எழுதுங்க. விடையை மட்டும் எழுதாம வழியையும் எழுதுங்க. ராமானுஜன் காகிதம் இல்லாததால விட்டுப் போனது அது. நமக்கு அந்தக் காரணம் இல்லை.

மூணு, ஒரே ஒரு கடிதம் எழுதுங்க. உங்களுக்குப் பிடிச்ச துறையில் இருக்கிற ஒரு பெரியவருக்கு எழுதலாம். பதில் வராம போகலாம், ராமானுஜனுக்கே முதல் ரெண்டு பேர்கிட்ட பலன் இல்லை. இல்லைன்னா அம்மாவுக்கு எழுதுங்க. தினமும் போன்ல பேசறோமேன்னு நினைப்பீங்க. பேசினது காத்தோட போயிடும். எழுதினதை அம்மா பீரோவில் புடவைக்கு அடியில வெச்சுக்குவாங்க.

கேம்பஸ்ல கேன்டீனுக்குப் போற வழியில் துருப்பிடிச்ச சிவப்புப் பெட்டி ஒண்ணு இருக்குமே, அது குப்பைத்தொட்டி இல்லை நண்பர்களே. 1913-இல் சென்னையில் ஒரு குமாஸ்தா நம்பின அதே தபால்தான் அது. இன்னமும் வேலை செய்யுது. போட்டுப் பாருங்க.